அடைகாலம் போதுமா? நாய், பூனைக் குடற்புழுக்களுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்கு, ஆங்கிலத்தில் 'prepatent period' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> புழு உடலுக்குள் நுழைந்த நாள்முதல் அதன் முட்டை மலத்தில் தென்படும் வரை உள்ள இடைவெளிக்கு 'அடைகாலம்' என்றே சொல்லிவிடலாமே?

வேண்டாம் ஐயா. அடைகாலம் என்பது நோய்க்குறி தெரியும் வரை உள்ள கணக்கு. இது முட்டை தெரியும் வரை உள்ள கணக்கு. இரண்டும் ஒன்றாக முடிவதில்லை. தாய்ப்பாலோடு கொக்கிப்புழுவின் இளம்புழுக்களையும் குடித்த நாய்க்குட்டி, பிறந்த இரண்டாம் வாரத்திலேயே ஈறு வெளுத்து, கறுப்பாய்க் கழிந்து, துவண்டு விழலாம். அன்று அதன் மலத்தை அடர்ந்த உப்புக்கரைசலில் கலக்கி, மேலே மிதப்பதைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு முட்டைகூட அகப்படாமல் போகலாம். புழு ரத்தம் குடிக்கத் தொடங்கிவிட்டது, முட்டையிடும் பருவம்தான் இன்னும் வரவில்லை. தகட்டை மட்டும் நம்பிப் 'புழு இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் குட்டி போய்விடும். நமக்குச் சொல் வேண்டியது இந்த இடத்துக்குத்தான்.

முன்வந்த சொற்களில் 'முட்டைமுன் காலம்' பளிச்சென்று புரிகிறது. ஆனால் ஜியார்டியா முட்டையே இடாது. அது உறை போர்த்திய வடிவில் மலத்தோடு வெளியேறும் ஒற்றைச் செல் உயிரி. இதயப்புழு ரத்தத்தில் நுண்புழுக்களையே விடுகிறது, அதுவும் தொற்றி 6, 7 மாதம் கழித்து. இவற்றுக்கும் பொருந்தாத சொல்லை வைத்து என்ன செய்வது?

'ஈனாக்காலம்' எனக்குப் பிடித்திருந்தது. வாழை குலை ஈனுகிறது, நெல் கதிர் ஈனுகிறது, புழுவுக்கும் பொருந்தும். என்ன, நம் மாட்டு டாக்டர்கள் இதைக் கேட்டால் சினை பார்க்கக் கையுறை தேடுவார்கள்!

என் பரிந்துரை 'மறைகாலம்'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'நாயின் கொக்கிப்புழுவுக்கு மறைகாலம் 2 முதல் 3 வாரம், சாட்டைப்புழுவுக்கு ஏறக்குறைய 3 மாதம்.' உறுத்தவில்லை. 2, 4, 6, 8 வாரங்களில் குட்டிக்கு ஏன் திரும்பத் திரும்பப் பூச்சி மருந்து என்று கேட்பவரிடமும் இதை வைத்தே பேசலாம். பைரன்டெல் என்ற பூச்சி மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் தாக்கும். உடலுக்குள் இன்னும் பயணத்தில் இருக்கும் இளம்புழுக்கள் தப்பிவிடும். அவை குடலுக்கு வந்து, மறைகாலம் முடிந்து முட்டையிடத் தொடங்குமுன் அடுத்த வேளை மருந்து போய்ச் சேர வேண்டும்.

---

> பெண் நாயின் தசையில் மாதக்கணக்கில் கிடக்கும் உருளைப்புழுவின் இளம்புழுவும் மறைந்துதானே இருக்கிறது? குழப்பம் வராதா?

நல்ல கேள்வி அம்மா. அது வளராமல் கிடக்கிறது. சினையின் பிற்பகுதியில்தான் விழித்து, நஞ்சுக்கொடி வழியே குட்டிக்குப் போகிறது. (பூனையில் இந்த வழி கிடையாது, பாலோடு சரி.) விதைக்குச் சொல்லும் 'உறங்குநிலை'யை அதற்கு வைத்துக்கொள்வோம். மறைகாலத்தில் புழு சும்மா கிடப்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது. விளக்கத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதும்.

மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அப்புறம், தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வரும் நாடாப்புழு. பூனையின் வால் அடியில் அரிசிமணி போல நெளியும் அதன் துண்டுக்குக் 'கணு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கணு என்றால் மூட்டு அல்லவா? கழன்று விழுவது முழுத் துண்டு. எனக்குத் 'துண்டம்' சரியாகப் படுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.