மறு: மெழுகுச்சுவரா, பூஞ்சைச்சவ்வா?

வணக்கமுங்க. காசநோய்க் கிருமியின் மேலுறையான மைக்கோமெம்பிரேனுக்குத் தமிழ்ப்பேர் தேடும் இந்த இழையை நாலு நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நேற்று வந்த மடலைப் பார்த்த பிறகு கை நிற்கவில்லை.

> மைக்கோமெம்பிரேன் = மெழுகுச்சுவர். எளிமையான சொல், பிள்ளைகளுக்குப் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். அது சுவரும் இல்லை, மெழுகும் இல்லை. மெழுகு என்றதும் நம் ஊர்ப் பிள்ளைக்கு வாசலில் சாணி மெழுகுவதுதான் நினைவுக்கு வரும். மேலே பூசியது, சுரண்டினால் வந்துவிடும். காசநோய்க் கிருமியின் மேலுறை பூசியது அல்ல. அடியோடு சேர்த்துக் கட்டியது. வேதியியலில் மெழுகு என்றால் நீளமான கொழுப்பமிலமும் நீளமான ஆல்கஹாலும் சேர்ந்த எஸ்டர். அந்தக் கணக்கில் இந்த உறையில் மெழுகு என்ற பேருக்குத் தகுந்தது பிடிம் என்கிற கொழுப்பு. முக்கியச் சரக்கான மைக்காலிக் அமிலம் என்ற நீளமான கொழுப்பமிலம் அதில் சேராது.

‘பூஞ்சைச்சவ்வு’ என்று எழுதிய கோவை நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. மைக்கோ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பூஞ்சை என்று பொருள் சொல்வது சரிதான். 1896இல் லேமனும் நோய்மனும் மைக்கோபாக்டீரியம் என்று பேர் வைத்ததே, இந்தக் கிருமி திரவத்தின் மேல் பூசணம் பிடித்தாற்போலப் படர்வதைப் பார்த்துத்தான். பேர் ஒட்டிக்கொண்டது, பூஞ்சைக்கும் இதற்கும் உறவு கிடையாது. அதை அப்படியே பெயர்த்தால் படிக்கிறவர் பூஞ்சை மருந்து தேடப் போய்விடுவார்.

பேரை விட்டுவிட்டுக் கட்டுமானத்தைப் பார்ப்போமுங்க.

பெருந்துறைப் பக்கம் எங்கள் அப்பச்சி தோட்டத்தில் ஒரு சாளை, அதாவது ஓலைக் குடிசை, இருந்தது. அதற்கு ஓலை மேயும்போது நான் கூடவே நின்றிருக்கிறேன். கைமரத்தின் மேல் குறுக்கே வரிச்சு கட்டுவார்கள். ஒவ்வொரு பனையோலையின் மட்டையையும் வரிச்சோடு சேர்த்துக் கத்தாழை நாரால் இறுக்குவார்கள். அடுத்த வரிசை இதன் மேல் பாதி ஏறும். கடைசியாகக் கரும்புச் சோகையை மேலே உதிரியாகப் பரப்புவார்கள், அதற்குக் கட்டு கிடையாது. ஐப்பசி மழை விடியவிடிய அடித்தாலும் கயிற்றுக் கட்டிலில் ஒரு சொட்டு விழாது.

காசநோய்க் கிருமியின் உறையும் ஏறக்குறைய இதே வேலைதான். உள்சவ்வுக்கு வெளியே பெப்டிடோகிளைகன் வலை; அது சுவர். சுவரோடு பிணைந்து அரபினோகேலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி நீள்கிறது, அது வரிச்சு. அந்தச் சங்கிலியின் நுனிகளில் மைக்காலிக் அமிலம் நாலு நாலாக, சகப்பிணைப்பில் மாட்டப்படுகிறது, அது ஓலை. ஓலையின் அடி கட்டப்பட்டிருக்கிறது, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் கட்டில்லாத கொழுப்புகள், பிடிம் உட்பட, இன்னொரு அடுக்காகப் பரவுகின்றன. அதுதான் சோகை.

ஓலை தயாராகிற விதம் இன்னும் வேடிக்கை. நம் உடம்பில் அதிகம் காணும் கொழுப்பமிலத்துக்கு 16 அல்லது 18 கார்பன். மைக்காலிக் அமிலத்துக்கு 60 முதல் 90 வரை. இதை ஒரே மூச்சில் செய்ய முடியாது. ஃபாஸ்-1 என்ற பெரிய நொதி குட்டைச் சங்கிலிகளைச் செய்கிறது. அதில் ஒரு பங்கை ஃபாஸ்-2 என்ற நொதிக் கூட்டம் வாங்கி, ரெண்டு ரெண்டு கார்பனாக ஐம்பதைத் தாண்டி நீட்டுகிறது. நெட்டையையும், ஃபாஸ்-1 செய்த 26 கார்பன் குட்டையையும் பிகேஎஸ்13 என்ற நொதி ஒட்டவைக்கிறது.

இத்தனையும் உள்ளே நடப்பது. கூரையோ வெளியே. ஆகவே ஓலையை டிரெஹலோஸ் என்ற சர்க்கரை வண்டியில் ஏற்றுகிறார்கள். எம்எம்பிஎல்3 என்ற புரதம் உள்சவ்வைத் தாண்ட வைக்கிறது. வெளியே ஆன்டிஜன் 85 என்ற நொதிக் குடும்பம் காத்திருக்கிறது, அவர்தான் மேய்கிற ஆள். ஓலையை வரிச்சில் கட்டிவிட்டு வண்டியை வெறுமனே அனுப்பிவிடுவார். அந்த வண்டியையும் கிருமி வீணாக்காமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் ஊர்ச் சிக்கனம். சில சமயம் ஓலை வரிச்சுக்குப் போகாமல், ஏற்கெனவே ஓலை ஏறிய இன்னொரு வண்டியிலேயே ஏறிக்கொள்ளும். இப்படி ரெண்டு ஓலை ஏறிய சரக்கைத்தான் கார்டு ஃபேக்டர் என்கிறார்கள். கிருமிகள் கயிறு முறுக்கினாற்போலச் சேர்ந்து வளர்வதோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ‘புரிக்காரணி’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். வைக்கோற்புரி திரித்த கைக்கு விளக்கம் வேண்டாம்.

மருந்துகளும் இங்கேதான் கை வைக்கின்றன. 1952இல் வந்த ஐசோனியாசிட், ஃபாஸ்-2 கூட்டத்தில் உள்ள இன்ஹெச்ஏ என்ற நொதியை முடக்கி ஓலை நீளவிடாமல் செய்கிறது. அந்த மருந்துக்கு உயிர் கொடுப்பதே கிருமியின் சொந்த நொதியான கேட்ஜி. அந்த நொதி கெட்டுப்போன கிருமிக்கு மாத்திரை ஏறாது. எத்தாம்பியூட்டால் என்ற இன்னொரு மருந்து வரிச்சைக் கட்டவிடாமல் தடுக்கிறது.

நான் சளி ஸ்லைடு பார்த்துப் பிழைப்பவன். கார்பால் ஃபியூக்சினை ஊற்றி, அடியில் தீயைக் காட்டி, ஆவி கிளம்பும் வரை சூடேற்றுவோம், கொதிக்கக் கூடாது. அப்புறம் 25 சதவீத சல்ஃபூரிக் அமிலத்தை ஊற்றினால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும். மெத்திலீன் நீலம் போட்டுக் கழுவி, எண்ணெய் லென்ஸில் பார்த்தால் நீலத் தரையில் சிவப்பாக மெல்லிய குச்சிகள். சாயம் உள்ளே போனது போனதுதான், அமிலத்தால் வெளியே இழுக்க முடியவில்லை. இந்தக் குணத்துக்கு ஆங்கிலத்தில் ஆசிட் ஃபாஸ்ட் என்று பேர். அதை ஒரு துண்டறிக்கையில் ‘அமில வேக’ என்று பார்த்தேனுங்க! திருப்பூர்ச் சாயப்பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், சாயம் போகாததற்குப் பேர் கெட்டிச்சாயம். ‘அமிலக்கெட்டி’ என்று வைத்தால் போதும்.

சரி, சுவரா சவ்வா என்ற சண்டை. நான் படித்த காலத்துப் பாடத்தில் மெழுகு பூசிய சுவர் என்றுதான் இருந்தது, அதனால் முன்மொழிந்தவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். 2008இல் இந்த இனத்துக் கிருமிகளை உறையவைத்து, வெட்டி, குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வெளிப்புறத்தில் ஈரடுக்குச் சவ்வு தெளிவாகத் தெரிந்தது. ஆகவே சவ்வு என்பதில் பேரமில்லை.

என் முன்மொழிவு: வேய்சவ்வு. கூரை வேய்ந்தாற்போல அடி கட்டிய சவ்வு. மைக்காலிக் அமிலத்தை அப்படியே விட்டுவிடலாம், எல்லாவற்றையும் பெயர்க்கப் போனால் மருந்துக்கடையில் நாமே முழிப்போம்.

— பெருந்துறையிலிருந்து

*

> என் முன்மொழிவு: வேய்சவ்வு.

தம்பி, சாளைக் கணக்கு எனக்குப் பிடித்தது. ஆனால் வேய் என்றால் மூங்கிலும்தானே? முதலில் அதைத்தான் நினைத்தேன். பிறகு எழுதிப் பார்த்தேன். மூங்கிலாக இருந்தால் வேய்ங்குழல் போல நடுவில் ஓர் எழுத்து வந்து நிற்கும். நீங்கள் எழுதியது வினைத்தொகை; சுடுசோறு, ஊறுகாய் மாதிரி ஒன்றும் மிகாது. ஆகவே ‘வேய்ச்சவ்வு’ என்று யாராவது ஒற்றுப் போட்டால் பொருளே கெட்டுவிடும், அதை மட்டும் அகராதிப் பதிவில் குறித்து வையுங்கள்.

1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொல்லுக்கென்றே சங்கம் வைத்தார்கள். அங்கேயும் ஒற்றுக்கு எத்தனை சண்டை நடந்ததோ!

ஒரே ஒரு ஐயம். நம் பக்கம் பேச்சில் மேய்கிறது என்கிறோம், எழுத்தில் வேய்கிறது. பிள்ளைகள் மேய்சவ்வு என்று எழுதி, ஆடு மாட்டை நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

— கோபியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை

*

அம்மா, ஒற்றுக் குறிப்புக்கு ரொம்ப நன்றிங்க. அதைப் பதிவில் சேர்த்துவிட்டேன். மேய்சவ்வு என்று எழுதுகிற பிள்ளைக்கும் ஓலை ஞாபகம் வந்தால் அரை மார்க் கொடுங்கள்.

அமிலக்கெட்டிக்குத் தனி இழை தொடங்குகிறேன். சாயப்பட்டறைக்காரர்கள் யாராவது இருந்தால் அங்கே வாங்க.