கேடயத்தில் ‘லைன்மேன்’: தாங்குநரா, காப்பாளரா?

பொருள்: கேடயத்தில் ‘லைன்மேன்’ – தமிழ்ச்சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு விளையாட்டுக் கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பிரிவு, ஆண்டு விருதுகளுக்கான கேடயங்களில் பெயர்களைத் தமிழிலேயே பொறிக்கப்போகிறது. மொத்தம் ஏழு விருதுகள். ஆறில் பெரிய சிக்கல் இல்லை. எம்.வி.பி.க்குப் ‘பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்’ என்று வைத்திருக்கிறேன். ‘தொடர் நாயகன்’ கிரிக்கெட்டோடு ஒட்டிப்போன சொல். பெண்கள் அணிக்கும் அது ஒத்துவராது. பந்தை வைத்துக்கொண்டு முன்னேறும் பக்கம் ‘பந்தணி’, அதைத் தடுக்கும் பக்கம் ‘தடுப்பணி’. உதைப்பதற்கும் உதைத்த பந்தைத் திருப்பி எடுத்தோடுவதற்கும் இறங்குபவர்கள் ‘உதைப்பிரிவு’. முதல் பருவம் ஆடியவர் ‘புதுமுகம்’. அடுத்து மோதப்போகும் எதிரணியைப் போலவே பயிற்சியில் ஆடிக்காட்டுபவர்கள் ‘ஒத்திகை அணி’.

ஏழாவதில்தான் தடை. பந்தணியின் முன்னால் நிற்கும் ஐவரில் சிறந்தவருக்கான விருது அது. ‘சிறந்த லைன்மேன்’ என்று தமிழில் எழுதினால் படிக்கிற எவருக்கும் மின்கம்பத்தில் ஏறுபவர்தான் நினைவுக்கு வருவார். அந்தச் சொல் நம் பேச்சில் அவருக்கே உரியதாகிவிட்டது. ‘தாக்குதல் வரிசை வீரர்’ என்று ஒரு முன்மொழிவு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை விவாதத்தில் சொல்கிறேன். உங்கள் சொற்களைத் தாருங்கள். தகடு சிறியது, ஆகவே சொல்லும் சிறியதாக இருக்கவேண்டும்.

– க.

மறு: கேடயத்தில் ‘லைன்மேன்’

‘முன்வரிசை வீரர்’ போதாதா? எல்லாருக்கும் புரியும்.

– வி.

மறு: மறு: கேடயத்தில் ‘லைன்மேன்’

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். கிரிக்கெட்டில் முன்வரிசை என்றால் முதலில் மட்டை பிடிப்பவர்கள். ‘முன்கள வீரர்’ என்றால் சாதாரணக் கால்பந்தில் கோல் அடிக்கப் போகிறவர். இரண்டுமே புள்ளி எடுப்பவரைக் குறிக்கும் சொற்கள். நாம் பெயர் தேடுகிற ஆளோ ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே இருக்கக்கூடியவர். மையத்தில் நிற்பவர் மட்டும் ஒவ்வொரு முறையும் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பார். முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க ஐவருக்குமே விதியில் இடமில்லை. கல்லூரி விதிகளில் இந்த ஐவருக்கும் 50 முதல் 79 வரையிலான எண்கள்தான். நடுவர் அந்த எண்ணைப் பார்த்தே பந்து பிடிக்கத் தகாதவர் என்று அறிகிறார்.

‘தாக்குதல் வரிசை’ வேண்டாம் என்று க. சொன்னதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அணி தாக்குகிறது, சரி. இந்த ஐவரின் வேலை தாக்கவருகிறவனை நிறுத்துவது. பந்தை எறிபவருக்கு இரண்டரை, மூன்று வினாடி வாங்கித் தருவது. பெயரில் ‘தாக்குதல்’ என்று இருந்தால், விழாவில் கைதட்டுபவர்கள் அவர் செய்த வேலைக்கு நேரெதிரான ஒன்றுக்குக் கைதட்டுவார்கள்.

ஏற்கெனவே இவர்கள் கண்ணில் படாதவர்கள். கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்தவருக்கான ஹைஸ்மன் கோப்பை 1935 முதல் கொடுக்கப்படுகிறது. இந்த ஐந்து இடங்களில் ஆடிய ஒருவரும் அதை வென்றதில்லை. 1973 இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹிக்ஸ் இரண்டாம் இடம் வரை வந்தார். தொழில்முறை அணிகளின் லீக்கான என்.எஃப்.எல்.லில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தரும் எம்.வி.பி. 1982 இல் மார்க் மோஸ்லி என்ற உதைப்பாளருக்குக்கூடக் கிடைத்தது. இவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் கல்லூரி ஆட்டத்தில் 1946 முதல் பந்தணி, தடுப்பணி இரண்டின் உள்வரிசை வீரர்களுக்கென்றே அவுட்லண்ட் கோப்பை இருக்கிறது. கழக அளவில் தனி விருது வைப்பதும் அதே நியாயத்தால்தான். பெயராவது அவர்கள் வேலையைச் சொல்லட்டும்.

– செ.

மறு: மறு: மறு: கேடயத்தில் ‘லைன்மேன்’

அப்படியானால் ‘காப்பாளர்’? 2025 இல் என்.எஃப்.எல். இந்த வீரர்களுக்கென அறிவித்த புதிய விருதின் பெயரும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

– வி.

மறு: காப்பாளர்

காப்பாளர் என்றால் விடுதிக் காப்பாளர், நூலகக் காப்பாளர். காவலர் என்றால் போலீஸ். காப்பவர் என்றால் கோல்காப்பவரோடு குழம்பும். ‘முட்டு’ என்ற வேரையும் பார்த்தேன்: முட்டி மோதுவது, முட்டுக்கொடுத்துத் தாங்குவது, இரண்டு பொருளும் இந்த வேலைக்கு அச்சாகப் பொருந்துகின்றன. ஆனால் ‘முட்டுக்கொடுப்பது’ இன்று இணையத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவருக்காக வாதாடுவதைக் குறிக்கும் ஏளனச் சொல். விருதில் அந்த வாடை கூடாது.

என் முன்மொழிவு ‘தாங்கு’. ஐவரும் சேர்ந்த வரிசை ‘தாங்குநிரை’. அவர்களில் ஒருவர் ‘தாங்குநர்’. ஓட்டுநர், இயக்குநர், நடத்துநர் வந்த வழியில் வருவதுதான். பள்ளிக் கணக்கில் அணிக்கோவையின் கிடைவரிசைக்கு ‘நிரை’ என்று படித்தவர்களுக்கு அந்தச் சொல் அந்நியமில்லை. தாங்குநிரை வினைத்தொகை, நடுவில் ஒற்று சேர்க்கவேண்டாம்.

– தே.

மறு: தாங்குநர்

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. எறிதல் ஆட்டத்தில் இவர்கள் பின்வாங்கித் தாங்குவது உண்மை. ஓட்டத்துக்கான ஆட்டத்தில் நிலைமை தலைகீழ்: பந்து எடுபட்டதும் (மையத்திலிருந்து பின்னால் போனதும்) முதல் அடியே முன்னால். இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் மார்புக் கவசத்தில் இரு உள்ளங்கைகளையும் பதித்து, சிறுசிறு அடியாகக் காலை ஓட்டிக்கொண்டே அவனைப் பின்னால் தள்ளவேண்டும். நின்று தாங்கினால் வழி திறக்காது, ஓடிவருபவர் இவர் முதுகிலேயே மோதுவார். ‘தாங்குநர்’ என்றால் அசையாமல் நிற்பவர் என்றல்லவா தோன்றும்?

– செ.

மறு: மறு: தாங்குநர்

நியாயமான கேள்வி. குறள் 767 ஐப் பாருங்கள்: ‘தார்தாங்கிச் செல்வது தானை’. தார் என்பது எதிரியின் தூசிப்படை, முன்னால் வந்து மோதுகிற வரிசை. அதைத் தாங்கி, அதன்மேல் செல்வதே படை என்கிறார். தாங்குவதும் செல்வதும் ஒரே மூச்சில் வருகின்றன. அதைத் தொடர்ந்து வரும் ‘தலைவந்த போர்தாங்கும் தன்மை அறிந்து’ என்பதும் நமக்கு உதவும். எந்த எதிராளி எந்த இடைவெளியில் வருவான் என்று பந்து எடுபடுமுன்பே கணித்து, ஐவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் இந்த நிரையின் உயிர். அந்தக் கணிப்புப் பிசகினால் ஒருவனை இருவர் தடுப்பார்கள், இன்னொருவன் ஆளில்லாத வழியாக நேராக எறிபவரிடம் போய்விடுவான்.

ஆகவே தாங்குதல் வெறும் நிற்றல் இல்லை. தனித்தனி நுட்பங்களுக்குப் பெயர் வேண்டுமானால் எறிதல் ஆட்டத்தில் ‘காப்புத் தாங்கல்’, ஓட்டத்தில் ‘தள்ளுதாங்கல்’ என்று பிரிக்கலாம். விருதுப் பெயருக்கு அது தேவையில்லை.

– தே.

மறு: மறு: மறு: தாங்குநர்

ஏற்கிறேன்.

– செ.

மறு: தாங்குநர் – ஐந்து இடங்களின் பெயர்

சொல் நிலைக்கவேண்டுமென்றால் ஐந்து இடங்களுக்கும் அதிலிருந்தே பெயர் பிறக்கவேண்டும். நடுவில் இருப்பவரை ‘நடுவர்’ என்று எழுதிய கட்டுரைகள் உண்டு. களத்தில் ஏற்கெனவே சீழ்க்கையோடு நிற்பவர் நடுவர், ஆகவே அது ஆகாது. அடுத்து, டேக்கிள் என்ற ஒரே சொல் எதிராளியை மடக்கி வீழ்த்துவதற்கும் பந்தணியின் ஓரத்தில் நிற்பவருக்கும் வழங்குகிறது. ஓரத்தில் நிற்பவர் எவரையும் மடக்குவதில்லை. மடக்குதலைக் கபடியில் சொல்கிற மாதிரியே மடக்குதல் என்று வைத்துக்கொண்டு, இடத்துக்கு வேறு பெயர் கொடுப்போம்.

நடுத்தாங்குநர் ஒருவர். அவருக்கு இருபுறமும் உள்தாங்குநர் இருவர். அவர்களுக்கு வெளியே வெளித்தாங்குநர் இருவர். முதலில் ‘புறத்தாங்குநர்’ என்றுதான் எழுதினேன், ஆனால் இடது வலது சேர்க்கும்போது ‘இடப்புறத் தாங்குநர்’ என்று பிரித்துப் படித்து இடப்பக்கம் இருக்கிற எவரையும் குறிப்பதாக எடுத்துக்கொள்வார்கள். ‘இடது வெளித்தாங்குநர்’ என்றால் அந்த மயக்கம் இல்லை. வலக்கையால் எறிபவருக்குக் கண்ணில் படாத பக்கத்தைக் காப்பவர் இவர், ஆகவே இந்தப் பெயர் அடிக்கடி தேவைப்படும். இலக்கணப்படி ‘உட்டாங்குநர்’ என்று சேர்க்கலாம். உள்துறை என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு உள்தாங்குநரே இருக்கட்டும்.

பந்து வைத்திருக்கும் இடத்தின் வழியே போகும் கோட்டுக்குத் ‘தொடக்கக்கோடு’ வேண்டாம், அது ஓட்டப்பந்தயத்துக்குரியது. ‘தொடுகோடு’ கணக்குப் பாடத்தில் வட்டத்தைத் தொடும் கோடு. ‘பந்துக்கோடு’ போதும்.

– க.

மறு: விருது ஒருவருக்கா, ஐவருக்கா?

பெயர் முடிவாவதற்குமுன் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கல்லூரி ஆட்டத்தில் 2015 முதல் கொடுக்கப்படும் ஜோ மூர் விருது முழு நிரைக்கும் சேர்த்துத்தான் தரப்படுகிறது. ஐவரில் நால்வர் சரியாகச் செய்து ஒருவர் தவறினாலும் ஆட்டம் கெடும் என்பதால் அது சரியான அணுகுமுறை. அப்படிக் கொடுத்தால் கேடயத்தில் ‘சிறந்த தாங்குநிரை’ என்று வராது, ஏனென்றால் கழகத்தில் இருப்பதே ஒரு நிரை. ‘ஆண்டின் தாங்குநிரை’ என்று எழுதி ஐந்து பெயரையும் போடலாம்.

ஒருவருக்கு என்றால் ‘சிறந்த தாங்குநர்’. தமிழில் இந்த ‘அர்’ ஈறு ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். கீழே ஒரே பெயர் இருந்தால் ஐயம் வராது.

ஒருவரைத் தேர்வதாக இருந்தால் அளவுகோல் வெளிப்படையாக இருக்கட்டும். பந்து பிடித்தவருக்கு யார்டுக் கணக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை. காணொளியைப் பார்த்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (முழுப் போட்டிக்கு அல்ல, பந்து எடுபடும் ஒவ்வொரு முறைக்கும்) இரண்டு மதிப்பெண் போடுவதே நம்பத்தக்க வழி: தடுக்கவேண்டிய ஆளைத் தடுத்தாரா என்பதற்கு ஒன்று, கால், கை, இடுப்பின் தாழ்வு சரியாக இருந்ததா என்பதற்கு ஒன்று. பருவத்தின் மொத்த ஆட்டங்களில் பாதிக்குக் குறைவாக ஆடியவரைப் பட்டியலில் சேர்க்கவேண்டாம். நாலைந்து ஆட்டத்தில் வாங்கிய நூறு விழுக்காட்டுக்கு அர்த்தமில்லை. தண்டங்களையும் தனியே எண்ணுங்கள். பிடித்து இழுத்ததற்கு 10 யார்டு, பந்து எடுபடுமுன் அசைந்ததற்கு 5 யார்டு. இரண்டும் அணி பட்ட பாட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறவை.

இரண்டு இடங்களில் தவறு நடக்கும். எறிபவர் பந்தோடு வீழ்த்தப்பட்டால் பழி உடனே தாங்குநர்மேல் விழும். எறிபவர் நான்கு வினாடி பந்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம், அல்லது பின்னால் நின்ற ஓட்டக்காரர் தனக்குரிய எதிராளியைத் தவறவிட்டிருக்கலாம். கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டே பெயரை எழுதவேண்டும். இன்னொன்று, எதிராளியைத் தரையில் சாய்த்த எண்ணிக்கையை வைத்து மயங்குவது. காணொளியில் அது பளிச்சென்று தெரியும். ஆனால் தன் ஆளை விட்டுவிட்டு வேறொருவனைச் சாய்த்திருந்தால் அது முதல் மதிப்பெண்ணிலேயே சுழி.

பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியில் ஐவரும் ஒருவர்மேல் ஒருவர் மறைந்துவிடுவார்கள். களத்தின் முனையில், உயரத்திலிருந்து எடுத்ததுதான் இதற்கு உதவும். இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிட்டால் நல்லது.

தடுப்பணியின் முன்னிரையை இந்த விருதில் சேர்க்கவேண்டாம் என்பது என் கருத்து. எறிபவரை வீழ்த்திய எண்ணிக்கை அவர்களுக்கு இருக்கிறது. தடுப்பணி விருதில் அவர்கள் சமமாகப் போட்டியிடலாம்.

– செ.

மறு: தகட்டில் பொறிக்கும்போது

‘சிறந்த தாங்குநர்’ என்று ஒருவருக்கே கொடுப்பதாகக் கழகம் இசைந்துவிட்டது. பொறிப்பவருக்குக் கோப்பு அனுப்பும்போது சில கவனங்கள்.

எழுத்தை ஒருங்குறியில் அடித்து, நல்ல எழுத்துருவில் அமைத்து, பிறகு வடிவக்கோடுகளாக மாற்றி அனுப்புங்கள். எழுத்தாகவே அனுப்பினால், தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாத பொறிப்பு மென்பொருளில் கொம்பும் காலும் பிரிந்து போகும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அனுப்பினால் எதிர்முனையில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

பெரிய ஆபத்து புள்ளியில். ‘தாங்குநர்’ என்பதில் இரண்டு புள்ளிகள். சிறிய அளவில், மெல்லிய கோட்டில் பொறித்தால் முதலில் மறைவது அதுதான். கடைசி ர் மேலுள்ள புள்ளி போய்விட்டால், சில எழுத்துருக்களில் ர வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ‘தாங்குநா’ என்று படிப்பார்கள். கோடு முழுக்க ஒரே தடிமனாக இருக்கும் எழுத்துருவை எடுத்து, ர வின் கீழ்ச்சாய்வு தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து, புள்ளியைக் கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக்குங்கள். தாளில் உண்மையான அளவில் அச்சிட்டுக் கைநீட்டும் தூரத்தில் படித்துப் பார்த்தபிறகே ஒப்புதல் கொடுங்கள்.

‘தாங்குனர்’ என்று யாராவது திருத்துவார்கள், இயக்குநரை அப்படித்தான் எழுதுகிறார்கள். ந தான் சரி. கோப்போடு ஒரு வரியில் இதையும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

மேல்வரி: சிறந்த தாங்குநர். கீழ்வரி: வென்றவர் பெயர், பருவத்தின் ஆண்டு. தடுப்பணியின் முன்னிரைக்கான சொல்லைத் தனி இழையில் தொடங்குகிறேன். ‘தகர்நிரை’ என்று ஒன்று மனதில் இருக்கிறது.

– தே.