கானார்டு வாங்கியவர்களே, கட்டியவர்களே: இன்னும் மனதைக் குடைகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மூக்குத்தரை:
நானே ஆரம்பிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடம் தள்ளிப் போட்ட கதை இது. லாங்-ஈஸி, அதாவது கானார்டு எனும் சின்ன இறக்கை மூக்குப் பக்கமும் இன்ஜின் பின்னாலும் இருக்கும், வீட்டிலேயே கட்டுகிற விமானம். 235 இன்ஜின், எண்பதுகளில் கட்டியது, என்னிடம் வருவதற்கு முன் இரண்டு கை மாறியது. விற்றவர் சாவியைக் கொடுக்கும்போதே மூன்று முறை சொன்னார்: "இறங்குவதற்கு முன் முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் வை." எனக்கா தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது பறப்பு. கலிபோர்னியாவில் ஒரு சின்ன விமான நிலையம், ஞாயிறு மதியம், பெட்ரோல் பம்ப் பக்கத்தில் நிறுத்தினேன். வெயில், தாகம், நேராக இறங்கிவிட்டேன். இரண்டாவது காலைத் தரையில் வைத்ததும், முன்னால் என் எடை இல்லாததால், மூக்கு மெதுவாக மேலே போகிறது. அவசரமே இல்லாமல், மாடு தலையைத் தூக்குகிற மாதிரி. பின்னால் இன்ஜினும் மர ப்ரொப்பெல்லரும் தரையை நோக்கி இறங்குகின்றன. பாய்ந்து மூக்கைப் பிடித்து அழுத்திவிட்டேன். சரி, பிழைத்தது. அப்புறம்தான் புரிந்தது, சக்கரத்தை மடக்கும் கிராங்க் கைப்பிடி உள்ளே பேனலில் இருக்கிறது. ஒரு கையால் மூக்கை அழுத்திக்கொண்டு மறுகையை உள்ளே நீட்டினால் ஒரு சாண் எட்டவில்லை. கையை விட்டால் ப்ரொப்பெல்லர் போய்விடும்.

இருபது நிமிடம் அப்படியே நின்றேன். ஒரு பெரியவர் நாயோடு வேலிக்கு அப்பால் நடந்து போனார். கையை ஆட்ட முடியாததால் தலையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவரும் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் கனவில் வருகிறது.

பழைய ஈஸி:
இது நடக்காதவர் யாரும் இல்லை, ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம். நான் விமானத்தில் ஒரு பை வைத்திருக்கிறேன், மூக்கைத் தரையோடு கட்ட ஆணியும் கயிறும் மட்டும்.

என் கதை மழை. என்னுடையது வேரிஈஸி, லாங்-ஈஸிக்கு முந்தையது; கானார்டு ஜி.யூ. என்ற பழைய வடிவம். பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வடக்கே போகிறேன், முன்னால் ஒரு மெல்லிய மழைத்திரை. சுற்றிப் போக இடமிருந்தது, சோம்பல் விடவில்லை. முதல் சொட்டுகள் கண்ணாடியில் ஓடின. அடுத்த நொடி மூக்கு கீழே போகிறது. இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறது, வேகம் சரி, நான் எதையும் தொடவில்லை. யாரோ கானார்டின் மேல் கையை வைத்து அமுக்குகிற மாதிரி. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே பத்து நிமிடம் பறந்தேன். மழை நின்றதும் அந்தக் கை எடுத்துக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை.

படித்திருந்தேன். ஜி.யூ. கானார்டின் மேற்பரப்பு வழவழவென்று இருந்தால்தான் காற்று ஒட்டி ஓடும், நீர்த்துளியோ பூச்சியோ ஒட்டினால் தூக்குவிசை குறையும், அதற்காகத்தான் இறக்கை வடிவமைப்பாளர் ஜான் ரான்ஸ் புது வடிவம் வரைந்து கொடுத்தார், எல்லாம் தெரியும். படித்தது வேறு, அந்தக் கையின் எடை வேறு. அடுத்த குளிர்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து ரான்ஸ் கானார்டு செய்தேன்.

வால்வு:
மழைக் கதையை இவ்வளவு பெரிதாக்க வேண்டாம். மழையில் ட்ரிம், அதாவது மூக்கு மேலே கீழே போகாமல் நிற்கும் சமநிலை, மாறும் என்பது உரிமையாளர் கையேட்டிலேயே இருக்கிறது. ஜி.யூ. கானார்டோடு நாற்பது வருடமாகப் பறப்பவர்கள் இருக்கிறார்கள். ட்ரிம் பிடியை நகர்த்தினால் முடிந்தது. புதிதாகக் கட்டுகிறவர் ரான்ஸ் கட்டட்டும். ஏற்கெனவே பறக்கிற கானார்டைக் கழற்றிப் போடச் சொல்லி ஆட்களைப் பயமுறுத்தாதீர்கள்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று மான்டரே விரிகுடாவில் விழுந்தது ஒரு லாங்-ஈஸியில்தான். வாங்கிய புதிது. வரைபடப்படி எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். தொட்டியை மாற்ற வேண்டுமென்றால் உடம்பைத் திருப்ப வேண்டும், திரும்பும்போது வலது கால் தானாகவே, மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் பெடலை மிதிக்கும். விசாரணையில் இதைச் செய்தே பார்த்தார்கள்.

நான் வாங்கியதிலும் வால்வு பின்னால்தான். "எல்லாம் பழகிவிடும்" என்றார் விற்றவர். ஒருநாள் நாலாயிரம் அடியில் இன்ஜின் இருமியது. கை பின்னால் போனது, வால்வு அகப்படவில்லை, என் சட்டைக் காலர்தான் அகப்பட்டது. காலரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். ஐந்து நொடி இருக்கும். அடுத்த இரண்டு மாதம் பறக்கவில்லை, வால்வு இப்போது முழங்கால்களுக்கு நடுவே.

பழைய ஈஸி:
நான் யாரையும் கழற்றிப் போடச் சொல்லவில்லை. என் கராஜ், என் குளிர்காலம். மறுபடி படியுங்கள்.

குக்கர் விசில்:
நாங்கள் வாங்கவில்லை, கட்டினோம். கோசி மார்க் 4, இதுவும் கானார்டு விமானம்தான், ஒன்பது வருடம். முதல் இறக்கைக்கு நீல ஃபோமை ஹாட் வயரால், அதாவது சூடான கம்பியால், வெட்டும் நாள். இரண்டு முனையிலும் கம்பிக்கு வழிகாட்டும் டெம்ப்ளேட், அதில் எண்கள். இறக்கையின் அடிப்பக்கம் அகலம், நுனி குறுகல், அதனால் கம்பியின் ஒரு முனை வேகமாகவும் மறுமுனை மெதுவாகவும் போக வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணில் இருந்தால்தான் வெட்டு நேராக வரும். ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும், மற்றவர் பின்தொடர வேண்டும். கராஜில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவியைக் கூப்பிட்டேன். எண்ணுவது அவள் பொறுப்பு.

"ஐந்து... ஐந்தரை... ஆறு..." அழகாகப் போகிறது. ஃபோம் உருகும் வாசனை, கம்பி வெண்ணெயில் போவது போல் போகிறது. அப்போது சமையலறையில் விசில். அவள் "மூன்று" என்றாள். நான் நின்றுவிட்டேன். அவள் கை மட்டும் ஆறரைக்குப் போய்விட்டது. கம்பி நின்ற இடத்தில் ஃபோம் உருகி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குழி.

"பருப்புக்கு மூன்று விசில்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஏதேதோ சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு வெட்டினோம். இப்போது விமானம் பறக்கிறது, அவளும் கூட வருகிறாள். ஆனால் அந்தக் குழி விழுந்த துண்டைக் கராஜ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் "இவர் என்னைத் திட்டிய இடம்" என்று விரலை வைத்துக் காட்டுகிறாள்.

வால்வு:
அந்தத் துண்டை எறிந்திருக்கவே வேண்டாம். சின்னக் குழிதானே, மைக்ரோ (பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்த பசை) குழைத்து நிரப்பித் தேய்த்திருந்தால் போதும். ஃபோமின் வேலை வடிவம் கொடுப்பது, மேலே போடும் கண்ணாடித் துணிதான் (ஃபைபர்கிளாஸ்) சுமையைத் தாங்குகிறது.

குக்கர் விசில்:
அவளும் அன்றைக்கு அதைத்தான் சொன்னாள். தயவுசெய்து இதை அவளிடம் காட்ட வேண்டாம்.

காசுத் தட்டு:
என் அனுபவம் சின்னது. ஒரு லாங்-ஈஸி பார்க்கப் போனேன், புது வண்ணம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. சட்டைப்பையிலிருந்து ஒரு குவார்ட்டர் காசு எடுத்து, சந்தையில் பானை தட்டுகிற மாதிரி இறக்கை முழுவதும் தட்டிக்கொண்டே போனேன். டிங் டிங் டிங் என்று வந்த சத்தம் வலது இறக்கை உடலோடு சேரும் பக்கத்தில், பெட்ரோல் தொட்டி இருக்கும் ஸ்ட்ரேக்கை ஒட்டிய இடத்தில், "தொப்" என்றது. விற்கிறவர் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டார். நானும் காசைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அது கிடக்கட்டும். இங்கே புதிதாக வாங்க நினைப்பவர்கள் நிறையப் பேர் படிப்பதால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். "தொப்" என்றால் ஃபோமிலிருந்து துணி விட்டுவிட்டது என்று பொருள். தொட்டியை ஒட்டிய இடமென்றால் பெட்ரோல் கசிந்து இறக்கைக்குள் போயிருக்கலாம். இறக்கையில் இருக்கும் நீல ஃபோமை பெட்ரோல் சர்க்கரை மாதிரிக் கரைத்துவிடும், அதனால்தான் தொட்டிப் பக்கம் வேறு ஃபோம். அந்த வேறு ஃபோமில் யூரித்தேன் என்ற வகையும் உண்டு. அதை ஹாட் வயரால் வெட்டவே கூடாது, புகை விஷம், கத்தியால் செதுக்க வேண்டும். வெள்ளை தவிர வேறு நிறம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெயிலில் கறுப்பு நிறம் எவ்வளவு சூடாகும் என்பது கார் வைத்திருப்பவருக்கே தெரியும், துணியை ஒட்டும் எபாக்சி பிசினுக்கும் ஃபோமுக்கும் அந்தச் சூடு ஆகாது. பிரேக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரக் காலும் ஃபைபர்தான். இந்த விமானத்தில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை வைத்துத்தான் திருப்ப வேண்டும், முன்சக்கரம் சும்மா சுழலும். தரையில் நீண்ட தூரம் டாக்ஸி போனால் பிரேக் கொதிக்கும், கால் இளகும், வெப்பக் கவசம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வேரிஈஸி என்றால் இறக்கையைப் பொருத்தும் அலுமினியப் பகுதிகளில் அரிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மர ப்ரொப்பெல்லர் என்றால் போல்ட் இறுக்கத்தை எப்போது கடைசியாகச் சோதித்தார்கள் என்று லாக் புத்தகத்தில் தேடுங்கள். மரம் காயும், சுருங்கும், போல்ட் தளரும்.

வேரிஈஸி, லாங்-ஈஸி வரைபடங்களை விற்ற ரூட்டன் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரி 1985-இல் வரைபட விற்பனையை நிறுத்திவிட்டது. வரைபடத்துக்கான திருத்தங்களெல்லாம் அவர்களுடைய செய்தி மடலில்தான் வந்தன. கட்டாயத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இன்னொன்று, அமெரிக்காவில் வருடாந்திர ஆய்வைச் செய்து கையெழுத்துப் போட, கட்டியவருக்கென்று ஒரு ரிப்பேர்மேன் சான்றிதழ் உண்டு. வாங்கியவருக்கு அது வராது. பராமரிப்பை நீங்களே செய்யலாம், ஆனால் வருடம் ஒருமுறை பெரும்பாலும் ஏ அண்ட் பி (விமானப் பராமரிப்பு உரிமம் பெற்ற) மெக்கானிக் ஒருவர் கையெழுத்து வேண்டியிருக்கும். பல மெக்கானிக்குகள் ஃபைபரைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள், முதலில் ஆளைப் பிடியுங்கள், பிறகு விமானத்தை வாங்குங்கள். கடைசியாக, உங்கள் எடை. பின்சீட் ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பயணியின் எடையால் பெரிதாக ஒன்றும் மாறாது. விமானிதான் முன்னால் உட்காருகிறார். கட்டியவர் நூறு கிலோ, நீங்கள் அறுபது கிலோ என்றால் ஈர்ப்பு மையம் பின்னால் போகும். அதற்கு மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். "கானார்டு முதலில் ஸ்டால் ஆகும் (தூக்குவிசையை இழக்கும்), பிரதான இறக்கை ஆகாது" என்று நாம் பெருமையாகச் சொல்வதெல்லாம் ஈர்ப்பு மையம் அதற்குரிய பின் எல்லைக்குள் இருக்கும் வரைதான். அதைத் தாண்டினால்...

மூக்குத்தரை:
ஐயா, நான் கேட்டது ஒரு சம்பவம். அதை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள்.

காசுத் தட்டு:
உங்களுக்காக எழுதவில்லை. நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள்.

மூன்றாம் துணி:
நான் கட்டியும் முடிக்கவில்லை, வாங்கவும் இல்லை. என் கதையையும் கேளுங்கள்.

நான்கு வருடம் லாங்-ஈஸி உடல்பகுதி கட்டினேன். கையுறை போட்டேன், ஆனால் எப்போதும் இல்லை. ஒரு சொட்டுப் பிசினைத் துடைக்க எதற்குக் கையுறை என்று நினைக்கிற ஆள். நான்காவது வருடம் மணிக்கட்டில் தடிப்பு வந்தது, பிறகு கண் இமை வீங்கியது. மருத்துவர் எபாக்சி ஒவ்வாமை என்றார். ஒருமுறை வந்தால் போகாது. பிசின் டப்பாவைத் திறந்தாலே முகம் சிவக்கும் நிலைக்கு வந்தபிறகு விற்க முடிவு செய்தேன்.

வாங்கியவர் நல்ல மனிதர், அரிசோனாக்காரர், ட்ரெய்லர் கொண்டு வந்தார். ஏற்றிக் கட்டி அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவ்வளவு கஷ்டமாக இல்லை, உண்மையில்.

போன மாதம் அவர் ஒரு படம் அனுப்பினார். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புப் பலகை. துணியில் பிசின் நனைந்ததும் கண்ணாடியாகிவிடும் இல்லையா, அடியில் ஃபோம் மேல் நான் பென்சிலில் எழுதியிருந்தது தெளிவாகத் தெரிகிறது. "இது என்ன மொழி, என்ன பிரார்த்தனை?" என்று கேட்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். என் கையெழுத்து, தமிழில்: "மூன்றாவது துணியை மறக்காதே."

மறந்தேனா, மறக்கவில்லையா?

வெட்டிய துணியின் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டேன், கட்டும்போது குறித்து வைத்த புத்தகத்தில் தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு "பலகை முடிந்தது" என்று மட்டும் இருக்கிறது. அதற்கு முந்தைய நாள் ஊரிலிருந்து தொலைபேசி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று. அந்த வாரத்தில் நான் என்ன செய்தேன் என்பதே நினைவில்லை.

பிரார்த்தனை என்று சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். மொழிபெயர்த்து அனுப்பினேன். ஓரத்தில் ஒரு இடத்தைச் சாய்வாகத் தேய்த்துப் பாருங்கள், ஒவ்வொரு துணிக்கும் ஒரு வளையம் தெரியும், எண்ணிச் சொல்லுங்கள் என்றும் எழுதினேன். பதினாறு நாள் ஆகிறது. பதில் வரவில்லை.