நியூசிலாந்துத் தென்தீவில் பிள்ளைகளுடன் கார்ப் பயணம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாத விடுமுறையில், 14, 16 வயதுள்ள எங்கள் பிள்ளைகளுடன், கிறைஸ்ட்சர்ச்சில் வாடகைக் கார் எடுத்து, டெக்காப்போ ஏரி, குவீன்ஸ்டவுன், தே அனாவ் வழியாக மில்ஃபோர்டு சவுண்ட் வரை 10 நாட்களில் சென்றுவரத் திட்டமிட்டுள்ளோம். அங்கும் நம் ஊரைப் போல இடப்பக்கமே ஓட்டுவதால் அதில் அச்சமில்லை. ஆனால் தே அனாவுக்கு அப்பால் சுமார் 120 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலையில், மே முதல் நவம்பர் வரை பனிச்சங்கிலி (பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி) எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே எங்களைத் தயங்க வைக்கிறது. பனியையே பார்த்திராத நான் அந்தச் சங்கிலியைச் சக்கரத்தில் மாட்டுவதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்பகுதிக்கு மட்டும் சுற்றுலாப் பேருந்தில் செல்வது நல்லதா? மேலும், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினால் இந்த வயதுப் பிள்ளைகள் சலிக்காமல் வருவார்கள் என்பதையும் சென்றுவந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.