நிறவட்டத்தில் சுரங்களை எப்படி அடுக்குவது?

கேள்வி: வாசிக்கும் கார்டுக்கு (chord, சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்கள்) ஏற்ப விளக்கு நிறம் மாற ஒரு நிரல் எழுதுகிறேன். 12 சுரங்களையும் நிறவட்டத்தில் 30 பாகைக்கு ஒன்றாக வரிசையாய் வைத்தேன். சி-யும் அடுத்த சுரமான சி ஷார்ப்பும் சேர்ந்தால் காதில் உரசுகிறது, கண்ணுக்கோ இரண்டும் ஒட்டிய நிறங்கள். எங்கே தப்பு?

பதில் 1: வரிசைதான் தப்பு. ஐந்தாம் சுர வட்டத்தைப் (ஏழு ஏழு சுரமாய்த் தாவிப் போகும் வரிசை) பிடியுங்கள்: சி, ஜி, டி, ஏ... சுர எண்ணை (சி = 0) 7-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்த மீதியை 30-ஆல் பெருக்குங்கள். ஜி 30 பாகை, இ 120, சி ஷார்ப் 210. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் சுரங்களுக்குக் கொடுத்த நிறங்களும் இந்த வட்டத்தில்தான் ஓடும்: சி சிவப்பு, ஜி ஆரஞ்சு, டி மஞ்சள்.

பதில் 2: அதோடு, மூன்று சுரத்தையும் ஒரே விளக்கில் கலக்காதீர்கள். காது கார்டுக்குள் ஒவ்வொரு சுரத்தையும் பிரித்துக் கேட்கும். கண்ணில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகைதான். சிவப்பும் பச்சையும் விழுந்தால் மஞ்சள் மட்டுமே தெரியும், உள்ளே இருந்த இரண்டும் காணாமல் போகும். சுரத்துக்கு ஒரு விளக்கு, பக்கத்தில் பக்கத்தில்.

பதில் 3: அதிர்வெண்ணை நேரடியாக நிறமாக்கலாமே என்று தோன்றும். 440 ஹெர்ட்ஸை 40 முறை இரட்டித்தால் சுமார் 620 நானோமீட்டர் அலைநீள ஒளி, செம்மஞ்சள். கணக்கு அழகுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி மொத்தமே ஏறக்குறைய ஒரு ஆக்டேவ் (அதிர்வெண் ஒருமுறை இரட்டிக்கும் தூரம்)! மேல், கீழ் ஆக்டேவ்களை வெளிச்சத்தின் அளவால் காட்டுங்கள்.