அப்பாவுக்கு ஒரு லென்ஸ்

ஜனவரி 4, சனி

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். இந்த குரூப்ல அப்பா இல்ல. யாரும் தெரியாத்தனமா சேர்த்துடாதீங்க. 31ஆம் தேதி பணிநிறைவு. வாட்ச், மோதிரம் எல்லாம் வேண்டாம், பறவை படம் எடுக்க ஒரு நல்ல ஜூம் லென்ஸ் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கோம். நான், முத்து, அத்தை, சித்தப்பா ஆளுக்கு 15 ஆயிரம். மொத்தம் 60. அதைத் தாண்ட முடியாது.

அத்தை: நல்ல யோசனை ஏட்டி. அண்ணனுக்கு ஞாயித்துக்கிழமைன்னா அந்தப் பறவைக் குளம்தான்.

அம்மா: போன வாரம் கூந்தங்குளம் போயிட்டு வந்து போன்ல ஒரு படம் காமிச்சாங்க. ஒரே தண்ணியும் சேறும். ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்குனா மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. "தலையில ரெண்டு கருப்புக் கோடு இருக்கு பாரு, இதான் வரித்தலை வாத்து, இமயமலையத் தாண்டி வந்திருக்கு"ன்னாங்க. எனக்குக் கோடு ஒண்ணும் தெரியல. தெரியுதுன்னு சொன்னேன்.

முத்து: அப்பாகிட்ட இருக்கறது நிக்கான் டி7500. அதோட வந்த 18-140 மி.மீ. லென்ஸ்தான் இன்னும். எண் பெருசானா தூரத்துல இருக்கறது பெருசாத் தெரியும், இதுல 140தான் உச்சம். வேற எதுவும் கிடையாது.

பிரபு: அப்ப 600 மி.மீ. வாங்கிடுவோம். பறவைன்னா எல்லாரும் அதுதான் சொல்றாங்க. சிக்மா 150-600 செகண்ட் ஹேண்ட்ல தேடுனா நம்ம பட்ஜெட்டுக்கு வரும் மாமா.

சித்தப்பா: மாப்பிள்ளை, வரும். ஆனா அவசரப்பட வேண்டாம். முதல்ல ஒரு கணக்கு சொல்றேன். வரித்தலை வாத்து முக்கால் மீட்டர் நீளம். கரையில இருந்து 80 மீட்டர் தள்ளி மேயுதுன்னு வச்சுக்கோங்க. டி7500 எடுக்கற படம் குறுக்குவாட்டுல 5568 பிக்சல். அதுல வாத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? 140ல எடுத்தா 310. 300ல 670. 400ல 890. 500ல 1110. 600ல 1330.

சித்தப்பா: 140ல இருந்து 400க்குப் போனா கிட்டத்தட்ட மூணு மடங்கு. அண்ணனுக்கு அதுவே வேற உலகம். 400ல இருந்து 600க்குப் போனா ஒன்றரை மடங்குதான். அந்த அரை மடங்குக்கு என்ன விலை குடுக்கறோம்னு பாக்கணும். காசைச் சொல்லல, எடையைச் சொல்றேன். சிக்மா 100-400ன்னா 1160 கிராம். சிக்மா 150-600ல கன்டெம்பரரிங்கற மாடல் 1930 கிராம். நிக்கான் 200-500ன்னா 2300 கிராம். காமிரா 720 கிராம் தனி.

அம்மா: தம்பி, அவங்களுக்கு வலது தோள் போன வருஷம் பூரா தூக்க முடியாம இருந்துச்சே. சட்டை மாட்டவே நான்தான் பிடிச்சுவிட்டேன்.

சித்தப்பா: அதான் மதினி நான் யோசிக்கறது.

முத்து: சித்தப்பா, ஆபீஸ்ல ஒருத்தர் நிக்கான் பி1000 காமிரா சொல்றார். 3000 மி.மீ.க்குச் சமமாம். லென்ஸே மாத்த வேண்டாம்.

சித்தப்பா: நல்ல வெயில்ல நல்லாத்தான் வரும். ஆனா உள்ள படத்தைப் பதியற சென்சார் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. விடியற்காலையில படம் புள்ளி புள்ளியாப் போயிடும். பறந்துட்டு இருக்கற பறவையைப் பிடிக்கவும் சிரமம். கையில டி7500 இருக்கும்போது அது தேவையில்ல.

பிரபு: இருக்கற லென்ஸ்லயே, காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டற டெலிகன்வெர்ட்டர் போட்டா? 2 மடங்கு ஆகிடுமே.

சித்தப்பா: 18-140ல நிக்கான் கன்வெர்ட்டர் மாட்டவே மாட்டாது. மாட்டுற லென்ஸ்லயும் 2 மடங்கு போட்டா ரெண்டு ஸ்டாப், அதாவது முக்கால்வாசி வெளிச்சம் போயிடும், ஃபோகஸும் தடுமாறும். விட்டுடுங்க.

ஜனவரி 5, ஞாயிறு

கவிதா: நிக்கான் 200-500 எப்படி சித்தப்பா? எல்லா ஜூம்லயும் லென்ஸ் திறப்பு 5.6லயே நிக்குமாமே, வெளிச்சம் குறையாதாமே. பழசு 60க்குள்ள கிடைச்சாலும் கிடைக்கும்.

சித்தப்பா: அருமையான லென்ஸ்மா. 2015ல வந்தது. இன்னைக்கும் அதை வச்சு எடுக்கறவங்க இருக்காங்க. நான் தயங்கறதுக்குக் காரணம் எடை மட்டும் இல்ல. கூந்தங்குளத்துல குளம் மட்டுமா இருக்கு? ஊருக்குள்ள வீட்டு வேப்பமரத்துலயே கூழைக்கடா கூடு கட்டுது. 10 மீட்டர்ல நிக்குது, ஒண்ணே கால் மீட்டருக்கு மேல நீளம். 200ல ஆரம்பிக்கற லென்ஸை வச்சா அலகு ஒரு பக்கம் வெட்டும், வால் ஒரு பக்கம் வெட்டும். 100ல ஆரம்பிச்சா முழுசா உள்ள வரும், மேல கீழ கொஞ்சம் இடமும் இருக்கும்.

அத்தை: அந்த ஊர்க்காரங்க பறவை பயந்துரும்னு தீவாளிக்கு வெடியே போட மாட்டாங்க. அண்ணன்தான் சொல்லும்.

சித்தப்பா: ஆமா. அந்த மனுஷங்க அப்படிக் காத்து வச்சிருக்கற இடத்துல நாம கூட்டுக்குக் கிட்ட போய் நிக்கக் கூடாது. லென்ஸ் வாங்கறதே தள்ளி நிக்கறதுக்குத்தான்.

முத்து: பொங்கலுக்கு நான் 11ஆம் தேதியே வர்றேன். சென்னையில லென்ஸ் வாடகைக்குக் கிடைக்குது. 150-600 ஒண்ணு, 100-400 ஒண்ணு எடுத்துட்டு வரவா? அப்பா கையில குடுத்துப் பாத்துருவோம். வாடகை என் கணக்கு, 60ல சேர்க்க வேண்டாம்.

சித்தப்பா: இதைத்தான் நானே கேக்கலாம்னு இருந்தேன். எடுத்துட்டு வா. அண்ணன்கிட்ட நான் பாக்கறதுக்குன்னு சொல்லிக்கறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

கவிதா: என்ன ஆச்சு? காலைல இருந்து யாரும் ஒண்ணும் சொல்லல.

சித்தப்பா: இப்பதான் வீட்டுக்கு வந்தோம். விவரமாச் சொல்றேன்.

சித்தப்பா: ஆறரைக்குக் கரையில நின்னோம். முதல்ல 150-600. அண்ணன் ஆசையா வாங்கினார். நாரை கூட்டம் ஒண்ணு எழும்புச்சு, தூக்கினார். 600ல பார்வை ரொம்பக் குறுகிடும்ல, லென்ஸுக்குள்ள பறவையைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள அது போயிடுச்சு. ரெண்டாவது தடவையும் அப்படியே. இருபது நிமிஷத்துல காமிராவை மடியில வச்சுட்டு வலது கையை உதறிக்கிட்டார். "நல்லாருக்குடா, நீ எடு"ன்னார். வலிக்குதுன்னு வாயால சொல்லவே இல்ல.

முத்து: அப்புறம் 100-400ஐ மாட்டிக் குடுத்தோம். அக்கா, அதுக்கப்புறம் மூணு மணி நேரம் அப்பா கழுத்துல இருந்து காமிராவைக் கழட்டல. 100ல வச்சுப் பறவையைப் பிடிச்சு, அப்படியே முன்னாடி தள்ளி 400க்குப் போறார். அந்த லென்ஸ்ல திருகாம இழுத்துத் தள்ளியும் ஜூம் பண்ணலாம். தோளைத் திருப்பவே வேண்டியதில்ல.

பிரபு: படத்துல வித்தியாசம் தெரியுதா? 600ல எடுத்தது பெருசா இருக்குமே.

சித்தப்பா: இருக்கு மாப்பிள்ளை, மறைக்கல. பூநாரை எல்லாம் நடுக்குளத்துல நின்னுச்சு, அதுக்கு 600 இருந்தா நல்லதுதான். ஆனா ஒன்பதரை மணிக்கு மேல வெயில் ஏறி தண்ணி மேல காத்து நெளிய ஆரம்பிச்சதும் 600ல எடுத்ததெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து பாக்கற மாதிரி ஆயிடுச்சு. தூரத்துல இருக்கற பறவையைப் பெருசாக்கும்போது இடையில நிக்கற சூட்டையும் சேர்த்துத்தான் பெருசாக்குது. அதுக்கு எந்த லென்ஸும் மருந்து இல்ல. சீக்கிரம் போகணும், காத்திருக்கணும்.

முத்து: அப்பா அதைத்தான் செஞ்சார். ஒரே இடத்துல கருவ மரத்து நிழல்ல உக்காந்துட்டார். அசையவே இல்ல. முக்கால் மணி நேரம் கழிச்சு வாத்துக் கூட்டம் மேஞ்சுக்கிட்டே தானா கிட்ட வந்துச்சு. 40 மீட்டர்தான் இருக்கும்.

முத்து: [படம்]

அம்மா: கோடு தெரியுது முத்து. ரெண்டு கோடும் தெரியுது.

கவிதா: அம்மா 😭

அத்தை: கண்ணு கூடத் தெரியுதே. ஆரஞ்சு மூக்கு எம்புட்டு அழகா இருக்கு.

கவிதா: அப்ப 100-400. யாருக்கும் மறுப்பு இல்லியே?

பிரபு: இல்ல. மாமா தினம் தூக்கிட்டுப் போறதுதான் லென்ஸ்.

சித்தப்பா: சிக்மா, டாம்ரான் ரெண்டுலயும் 100-400 இருக்கு. ரெண்டுமே 2017ல வந்தது, எடையும் ஏறக்குறைய ஒண்ணுதான். எது நல்ல நிலைமையில கிடைக்குதோ அதை எடுப்போம். நிறையப் பேர் மிரர்லெஸ்ங்கற புது வகை காமிராவுக்கு மாறிட்டு இருக்கறதால, டி7500 மாதிரி காமிராவுல மாட்டற நிக்கான் எஃப் மவுன்ட் லென்ஸ் பழசு விலை இறங்கித்தான் இருக்கு. நமக்கு அது வசதி.

ஜனவரி 18, சனி

முத்து: சித்தப்பா, ஒரு கடையில சிக்மா 100-400 பாத்தேன். 38 சொல்றாங்க. வெளியில கீறல் கூட இல்ல. அட்வான்ஸ் குடுக்கவா?

சித்தப்பா: குடுக்காத. போன்ல டார்ச் போட்டு முன் கண்ணாடி வழியா அடி, பின்பக்கமாப் பாரு. தூசி நாலு இருந்தா பரவால்ல. சிலந்தி வலை நூல் மாதிரி ஏதாவது படர்ந்திருக்கா?

முத்து: ஓரத்துல வெள்ளையா நூல் நூலா இருக்கு. கடைக்காரர் துடைச்சா போயிடும்கறார்.

சித்தப்பா: பூஞ்சை. உள்ளுக்குள்ள இருக்கற கண்ணாடிக்குத் துணியைக் கொண்டு போக முடியாது. பிரிச்சுத் துடைச்சாலும் கோட்டிங்கை அரிச்ச தழும்பு நின்னுடும். நன்றி சொல்லிட்டு வெளிய வா.

முத்து: வந்துட்டேன். மனசு கேக்கல, விலை நல்லா இருந்துச்சு.

சித்தப்பா: போகட்டும்டா. அண்ணன் ஒரு தடவைதான் ரிட்டயர் ஆகறார்.

ஜனவரி 22, புதன்

முத்து: இன்னொண்ணு பாத்தாச்சு. ஒரு கல்யாண போட்டோகிராஃபரோடது, மூணு வருஷம் பழசு, பில் இருக்கு. 46. நீங்க சொன்னதெல்லாம் பாத்துட்டேன். டார்ச் அடிச்சா சுத்தம். அப்பா காமிராவுக்குப் பதிலா என் நண்பனோட டி7500ல மாட்டி, கிட்ட ஒண்ணு தூர ஒண்ணு மாத்தி மாத்தி ஃபோகஸ் பண்ணேன், தயங்கல. பட்டனைப் பாதி அழுத்துனா படம் ஆடாம அப்படியே நிக்குது. ஸ்க்ரூவுல பிரிச்ச தடம் இல்ல. 400ல திறப்பை 6.3 வச்சுச் சுவத்துல இருக்கற போஸ்டர் எழுத்தை எடுத்தேன், நாலு ஓரமும் படிக்க முடியுது.

சித்தப்பா: வாங்கிடு.

கவிதா: பணம் அனுப்பிட்டேன். மீதி 14 இருக்கு, என்ன பண்ணலாம்?

சித்தப்பா: கூடுதல் பேட்டரி ஒண்ணு, வேகமான கார்டு ஒண்ணு. காத்துப் புகாத டப்பாவும் ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல்லும் வாங்கு, நீலம் ரோஸாகிட்டா நல்லா சூடாக்கிக் காய வச்சு மறுபடி போடலாம். மீதியை அண்ணன் பெட்ரோலுக்கு வச்சிடு. இன்னொண்ணு: ஷட்டர் ஸ்பீடு. உக்காந்திருக்கற பறவைக்கு 1/640 நொடிக்குக் கீழ போக வேண்டாம், பறந்தா 1/2000 நொடி. உள்ள இருக்கற ஸ்டெபிலைசர் நம்ம கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், இறக்கையை நிறுத்தாது. இருட்டா இருந்தா ஐஎஸ்ஓவை, அதாவது சென்சார் வெளிச்சத்தை உணர்ற அளவை, ஏத்திக்கலாம், பயப்பட வேண்டாம். இதைச் சின்னதா ஒரு சீட்டுல எழுதி டப்பாக்குள்ள வச்சிருப்பேன்.

ஜனவரி 25, சனி

அம்மா: தம்பி, லென்ஸை மதகுச் சுவர்ல வச்சு எடுக்க மெத்துப் பை வேணும்னீங்கல்ல. பழைய ஜீன்ஸ் துணியில தைச்சுட்டேன், ரெட்டைத் தையல், ஒரு பக்கம் ஜிப். உள்ள அரிசியா உளுந்தா?

சித்தப்பா: எதுன்னாலும் சரி மதினி. முக்கால் பங்குக்கு மேல நிரப்பாதீங்க, லென்ஸ் பதியணும்.

அம்மா: அரிசின்னா வண்டு விழும். புளியங்கொட்டை ரெண்டு படி கிடக்கு, அதைப் போடுறேன்.