8 மாசக் குழந்தை, மூன்றரை வயசுப் பையன், மூணு ராத்திரி டென்ட்: இசைவிழாவுக்குக் கூட்டிப் போறவங்க சொல்லுங்க

மழைக்குருவி:
வெளியரங்க இசைவிழா ஒண்ணுக்கு டிக்கெட் எடுத்திருக்கோம். மூணு ராத்திரி அங்கேயே டென்ட் போட்டுத் தங்கணும். அப்போ மகளுக்கு 8 மாசம் இருக்கும். தாய்ப்பால்தான், ராத்திரி ஒரு வேளை மட்டும் ஃபார்முலா. மகனுக்கு மூன்றரை வயசு, ராத்திரி மட்டும் டயப்பர். காரை விடுற இடத்துலேர்ந்து டென்ட் போடுற இடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல, எல்லாத்தையும் நாங்கதான் சுமக்கணும். டென்ட் வாழ்க்கை எங்களுக்குப் பழக்கம், குழந்தைங்களோட பழக்கமில்லை.

காதுக்குப் பஞ்சு போதுமா, மஃப் (காதை முழுசா மூடற கப்) வாங்கணுமா? காத்து மெத்தையில நாலு பேரும் ஒண்ணாப் படுத்துக்கலாமா? பாட்டிலை எப்படிச் சுத்தம் பண்றது? "போகவே போகாதீங்க"ன்னு சொல்றவங்க தாராளமா சொல்லுங்க, ஆனா காரணத்தோட சொல்லுங்க.

ஒலிமேசை:
காதுப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்றேன், எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

பஞ்சு வேலைக்கு ஆகாது. சத்தத்தைப் பெரிசாக் குறைக்காது, பிய்ஞ்சு உள்ளே தங்கும். காதுக்குள்ள சொருகற நுரை அடைப்பான் சின்னக் காதுல சரியா உட்காராது, கழட்டி வாயில போட்டுக்கிட்டா மூச்சடைக்கும். ரெண்டு பேருக்குமே மஃப்தான் சரி. மகளுக்குத் தலையைச் சுத்தி அகலமான எலாஸ்டிக் துணிப்பட்டை வர்ற மாதிரி, மகனுக்குத் தலைக்கு மேல வளையம் வர்ற மாதிரி.

கணக்கு இதுதான். பெரியவங்களுக்குத் தொழிற்கூடத்துல வெச்சிருக்கற வரம்பு 85 டெசிபல்னா 8 மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100-க்குக் கால் மணி நேரம். பெரிய மேடைக்கு முன்னாடி 100 சர்வ சாதாரணம். குழந்தையோட காதுக்குழாய் சின்னது, அதே சத்தம் அதுக்குள்ள கூடுதல் அழுத்தமா விழும். அதனால இந்தக் கணக்கோட கடைசி நிமிஷம் வரைக்கும் போய்ப் பார்க்காதீங்க.

மஃப் பெட்டியில "25 டெசிபல் குறைக்கும்"னு போட்டிருக்கறது ஆய்வுக்கூடத்து எண். தலைமுடியோ தொப்பி விளிம்போ கப்புக்கும் தோலுக்கும் நடுவுல மாட்டினா அந்த இடுக்கு வழியா சத்தம் உள்ளே வந்துடும், கிடைக்கறது எண்ணுல பாதிதான். காது மடல் மடங்காம கப் முழுக்கச் சுத்தி உட்கார்ந்திருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. வெயில் தொப்பி மஃப்புக்கு மேலதான், கீழே இல்லை. ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல தினம் பத்து நிமிஷம் மாட்டிப் பழக்குங்க. விழா அன்னைக்கு முதல் தடவை மாட்டினா ரெண்டே நிமிஷத்துல பிடுங்கி எறிஞ்சிடுவாங்க.

மஃப் உச்ச ஸ்தாயியைத்தான் நல்லாத் தடுக்கும், அடித்தாளத்தை அவ்வளவா தடுக்காது. மேடை ஓரத்துல தரையில அடுக்கியிருக்கற சப்-வூஃபர் (அடித்தாளத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) பக்கம் போனீங்கன்னா மஃப் போட்டும் குழந்தையோட நெஞ்சு அதிரும். பின்னாடி போயிட்டா போதும்னு இல்லை, மைதான நடுவுல கம்பத்துல ஸ்பீக்கர் தொங்க விட்டிருப்பாங்க, பின் வரிசைக்குச் சத்தம் போகணும்னு. அந்தக் கம்பத்துக்குக் கீழ நின்னா பின்னாடி வந்ததுக்கே அர்த்தமில்லை. மேடைக்கும் கம்பத்துக்கும் நடுவுல, பக்கவாட்டு ஓரமா, வெளிவாசல் தெரியற இடமாப் பாருங்க. மொபைல் டெசிபல் ஆப் எண்ணை அப்படியே நம்ப வேணாம். ரெண்டு இடத்துல எது தேவலைன்னு ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

மூங்கில்கம்பு:
காத்து மெத்தை வேணவே வேணாம். காரணம் கேட்டீங்க. ரெண்டு பெரியவங்க படுத்தா மெத்தை நடுவுல பள்ளமாகும், குழந்தை அந்தப் பள்ளத்துக்கு உருண்டு வரும். 8 மாசத்துல குப்புறப் புரளத் தெரியும், மெத்துன்னு இருக்கற பரப்புல மூக்கு அழுந்தினா தலையைத் திருப்ப முடியாமப் போகலாம். இன்னொரு ஆபத்து மெத்தைக்கும் டென்ட் சுவருக்கும் நடுவுல இருக்கற இடுக்கு. அடிப்பலகை கெட்டியா, தட்டையா இருக்கற மடக்குத் தொட்டில் எடுத்துப் போங்க. மல்லாக்கப் படுக்க வைங்க. தலையணை, பொம்மை, தளர்வான போர்வை எதுவும் உள்ளே வேணாம்.

குளிர் மேலேர்ந்து வர்றதைவிட தரையிலேர்ந்துதான் அதிகம் ஏறும். நுரைப்பாயைத் தொட்டிலுக்கு அடியில விரிங்க. தொட்டில் மெத்தைக்கு மேல கூடுதலா எதையும் போட்டா மறுபடியும் அதே மெத்துப் பரப்பு, அதே இடுக்கு. போர்த்த, கையை வெளியே விட ஓட்டை இருக்கற குழந்தைத் தூக்கப்பை (சட்டை மாதிரி மாட்டி விடற போர்வை) போதும். டென்ட்டுக்குள்ள 16லேர்ந்து 20 டிகிரின்னா 2.5 டாக் (பை எவ்வளவு கதகதப்புங்கற அளவு, பை மேலேயே போட்டிருக்கும்), 20லேர்ந்து 24ன்னா 1 டாக். பத்து ரூபாத் தாள் அளவு தெர்மாமீட்டர் ஒண்ணைத் தொட்டில் பக்கம் மாட்டி விடுங்க. டென்ட்ல ராத்திரி 10 மணிக்கு இருக்கற குளிரும் விடிகாலை 4 மணிக் குளிரும் வேற வேற, உள்ளுக்குப் போடற துணியை அதுக்குத் தக்க முன்கூட்டியே எடுத்து வைங்க. கை சில்லுன்னு இருக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பிடரியிலயோ நெஞ்சுலயோ கை வெச்சுப் பாருங்க. தூங்கறப்போ தலையில தொப்பி கூடாது, குழந்தை உடம்புச் சூட்டை நிறைய வெளியேத்தறது தலை வழியாத்தான்.

பகல்ல நேர் எதிர். வெயில் பட்ட டென்ட் மூடியிருந்தா வெளியைவிட உள்ளே சூடு அதிகம், விடிஞ்சதுமே ஏற ஆரம்பிச்சிடும். பகல் தூக்கத்துக்கு டென்ட் ஆகாது. மேல ஒரு தார்ப்பாயை டென்ட்டைத் தொடாம இழுத்துக் கட்டுங்க, நடுவுல காத்து ஓடணும். அந்த நிழல்ல பக்கம் திறந்திருக்கற இடத்துல தூங்க வைங்க. தள்ளு வண்டி மேல மெல்லிசுத் துணியைப் போட்டு மூடறதும் தப்பு, நிழல்னு தோணும், உள்ளே வெந்துடும்.

இடம் பிடிக்கறது: சரிவோட அடியில வேணாம், மழைத்தண்ணி அங்கேதான் வரும். குழாயடி சேறாகும். நடைபாதை ஓரம்னா ராத்திரி முழுக்கக் கயிறு தடுக்கி யாராவது உங்க டென்ட் மேல விழுவாங்க. ஜெனரேட்டருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் பக்கத்துல புகையும் வரும், தூக்கமும் வராது. குடும்பங்களுக்குத் தனிப்பகுதி இருந்தா அங்கேதான் போங்க, சீக்கிரம் போங்க.

கடைசியா, இதுல விட்டுக்கொடுக்கவே கூடாதது. அடுப்போ கரி அடுப்போ டென்ட்டுக்குள்ள மட்டுமில்லை, முன்திண்ணைக்கும் வரக் கூடாது. மழை பெஞ்சாலும். கரி அணைஞ்ச மாதிரி சாம்பல் பூத்திருந்தாலும் மணிக்கணக்குல கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

வெந்நீர்:
பாட்டில் விஷயம். ராத்திரி ஒரு வேளைதான்னா தயார் நிலையில வர்ற திரவ ஃபார்முலாச் சின்னப் பொதியை வாங்கிடுங்க. மூணு ராத்திரிக்கு நாலு பொதி. திறந்ததும் ஊத்திக் கொடுக்கலாம், கலக்கற வேலையே இல்லை. இருட்டுல தலைவிளக்கைக் கட்டிக்கிட்டு கரண்டிக் கணக்குப் போடறதைவிட இது எவ்வளவோ மேல்.

பவுடர்தான்னா: பவுடர் கிருமி நீக்கினது இல்லை, அதனால 70 டிகிரிக்குக் குறையாத தண்ணியில கலக்கணும். கொதிச்ச தண்ணியைப் புது ஃபிளாஸ்க்ல விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடினா சில மணி நேரம் அந்தச் சூடு நிக்கும். அரை ஃபிளாஸ்க் நிக்காது. கலக்கி மூடி, பாட்டிலைக் குளிர்ந்த தண்ணியில வெச்சு ஆற வைங்க, மணிக்கட்டுல சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்க. குழந்தை வாய் வெச்ச பாலை ஒரு மணி நேரத்துல கொட்டிடணும். வாய் வைக்காததுன்னாலும் வெளியில 2 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்காதீங்க.

கழுவ: முதல்ல சோப்புத் தண்ணியும் பிரஷும். அப்புறம் மூடி வெச்ச டப்பாவுல குளிர்ந்த குடிநீர், கிருமிநீக்கி மாத்திரை, அரை மணி நேரம். பாட்டிலுக்குள்ள காத்துக்குமிழி நின்னா அந்த இடத்துல மருந்து படாது, தட்டி வெளியேத்துங்க. தண்ணியை 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. பால் பிசுக்கு ஒட்டினதை நேரா மருந்துத் தண்ணியில போட்டா எவ்வளவு நேரம் ஊறினாலும் பிரயோசனமில்லை.

கை கழுவ ஜெல்லை நம்பாதீங்க. வாந்திபேதி கிளப்புற நோரோவைரஸை ஜெல் சரியாக் கொல்லாது, முகாம்ல பரவறதே அதுதான். மாடு மேஞ்ச வயல்ல முகாம் போட்டிருந்தா மண்ணுலயும் கிருமி உண்டு. குழாய் வெச்ச 10 லிட்டர் கேன் ஒண்ணு டென்ட் வாசல்ல, கயிறுல கட்டின சோப்பு. தவழ்ற பெண்ணுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கை கழுவணும்.

மகனுக்குப் பொதுக் கழிப்பிடம் இருட்டு, நாத்தம், உயரம். அடக்கி வெச்சுக்குவான், அப்புறம் வயிறு இறுகும். பை போட்டுப் பயன்படுத்தற, குழந்தைக்கான மடக்குக் கழிப்பு இருக்கை எடுத்துட்டுப் போங்க, அடியில உறிஞ்சும் பேட் வைங்க. டயப்பர் மகளுக்கு 36 வைங்க, மகனுக்கு மூணு ராத்திரிக்கும் சேர்த்து 5. கணக்கைவிடக் கொஞ்சம் கூடத்தான், பேதி பிடிச்சா அதுவும் பத்தாது. ORS பொட்டலம் நாலு. ஆறெட்டு மணி நேரமா டயப்பர் நனையலைன்னா முதலுதவிக் கூடாரத்துக்கு நேரா போயிடுங்க.

மழைக்குருவி:
ரொம்ப நன்றி. காத்து மெத்தை ரத்து. இன்னும் ரெண்டு: ராத்திரி கச்சேரி நேரத்துல தள்ளு வண்டியில தூங்க விட்டு, மஃப் மாட்டி வெச்சுக்கலாமா? கூட்டத்துல மகன் தொலைஞ்சா?

கைவண்டி:
தள்ளு வண்டியோட சின்னச் சக்கரம் சேத்துல முதல் பத்தடியிலயே புதையும். காத்து டயர் போட்ட நாலு சக்கர இழுவண்டி வேணும், டயர் அகலம் 8 சென்டிமீட்டராவது இருக்கணும். கூடவே பம்ப், ஒரு மாற்று ட்யூப். சாமான் சுமக்கறதுக்கும் அதே வண்டி, ஆனா சாமானுக்கு மேல குழந்தையை உட்கார வெக்காதீங்க, சரிவுல எடை மேல ஏறினா கவிழும். இறக்கத்துல ஒருத்தர் முன்னாடி இழுக்க, ஒருத்தர் பின்னாடி பிடிச்சு வரணும். ராத்திரி வண்டி ஆட்களோட முழங்கால் உயரம்தான், யார் கண்ணுலயும் படாது. ஆள் உயரக் கம்புல விளக்கைக் கட்டி வண்டியில நட்டுடுங்க, இடிக்கறது குறையும்.

மஃப்போட தூங்கறது: தலைப்பட்டை அழுத்தும், புரண்டா கப் நகரும், நீங்க பார்க்காம இருந்தா பட்டை கழுத்துக்கு இறங்கும். சத்தமான இடத்துல கண் முன்னாடி கொஞ்ச நேரம்னா சரி. தூங்கினதும் சத்தம் குறைஞ்ச இடத்துக்கு நகர்ந்து மஃப்பைக் கழட்டுங்க. ராத்திரி முழுக்க மாட்டி வைக்கறதுக்கானது இல்லை அது. இது பிடிக்கலைன்னா ஒருத்தர் டென்ட்ல, ஒருத்தர் கச்சேரியில, மாத்தி மாத்தி. இதை ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி எழுதி வெச்சுக்கங்க, மூணாவது ராத்திரி தூக்கமில்லாம பேசினா சண்டைதான்.

தொலையறது: கைப்பட்டையில உங்க ரெண்டு பேர் போன் நம்பர் எழுதுங்க. பேரை வெளியில தெரியற மாதிரி எழுத வேணாம், பேர் சொல்லிக் கூப்பிடறவங்களை அவன் நம்பிடுவான். தினம் காலையில அன்னைக்குப் போட்ட சட்டையோட ஒரு போட்டோ எடுங்க. அவனுக்கு ஒரே பாடம்: "காணாமப் போனா அங்கேயே நில்லு, தேடாதே." கூட்டத்துல போன் லைன் கிடைக்காமப் போகலாம், குறுஞ்செய்தி பெரும்பாலும் போயிடும். சந்திக்க ஒரு இடம் குறிச்சுக்கங்க. "பெரிய மேடைக்கிட்ட"ன்னு சொல்லாதீங்க, எல்லாரும் அங்கேதான் இருப்பாங்க. கடைசிப் பாட்டுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்பிடுங்க, வாசல்ல நெரிசல் அப்புறம்தான்.

யாரும் சொல்லாத ஒண்ணு. அங்கே விக்கற மின்னுற மோதிரம், வளையல், கொம்பு எல்லாத்துலயும் பட்டன் பேட்டரி. மூடியில திருகாணி இல்லைன்னா வாங்காதீங்க. விழுங்கினா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாயை அரிச்சிடும், வலி தெரியலைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி, வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. டென்ட் போட்டதும் மகளைத் தரையில விடறதுக்கு முன்னாடி புல்லை விரலால துழாவிப் பாருங்க: சிகரெட் துண்டு, பாட்டில் மூடி, முந்தைய ஆளுங்க விட்டுப் போன ஆணி எல்லாம் கிடக்கும். அப்புறம்தான் பாயை விரிங்க.

மூங்கில்கம்பு:
கைவண்டி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. திரும்பற அன்னைக்கு டென்ட் ஈரமாத்தான் இருக்கும். குழந்தைங்க அழ அழக் காய வெச்சுக்கிட்டு நிக்காதீங்க, மடிச்சுப் பைக்குள்ள திணிக்கவும் பார்க்காதீங்க. பெரிய பிளாஸ்டிக் பை ஒண்ணு தனியா வெச்சிருந்து அப்படியே சுருட்டிப் போட்டுட்டுக் கிளம்புங்க. வீட்டுக்குப் போய் ரெண்டு நாளுக்குள்ள விரிச்சுக் காய வெச்சாப் பூஞ்சை பிடிக்காது. முளைகளை மட்டும் எண்ணி எடுங்க.